பார்க்காமல் எழுதிய எண்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆனி மாதக் காலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலை வேலையை விட்டுவிட்டு, தோளில் பையோடு பைபாஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். யாரும் துரத்தவில்லை. உலைக்குப் பக்கத்தில் நான்கு மாதம் நின்றேன், போதும் என்று தோன்றியது, கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்தே நான் இப்படித்தான். ஆர்.கே.பேட்டையில் மூட்டை தூக்கியிருக்கிறேன், திருவாலங்காட்டில் கரும்பு வெட்டியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன். ஒரு தீபாவளியைப் பார்த்த இடத்தில் அடுத்த தீபாவளியைப் பார்த்ததில்லை.

சாலையோரம் ஒருவர் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனி நீலச் சட்டை. வலது கை விரல் வரை மாவுக்கட்டு. இடது கையில் துண்டால் மூடிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடை ஆடிக்கொண்டே இருந்தது. நான் அவரைத் தாண்டும்போது துண்டு அவிழ்ந்து, உள்ளேயிருந்து ஒரு செம்மஞ்சள் பூனை குதித்தது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகும் சாலை அது. யோசிக்க நேரமில்லை. பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிடித்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நான்கு கோடு கிழித்தது. ஆனால் நான் விடவில்லை.

"உட்டுடாத நைனா, அப்டியே புடிச்சிக்கோ. எனக்கு ஒத்தக் கைதான் கீது" என்றார் அவர்.

அப்படியே பிடித்துக்கொண்டு அவரோடு ஆட்டோவில் ஏறினேன். எனக்குப் போக வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாததால் அதில் சிரமம் ஏதுமில்லை.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சொன்னார். அவர் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஆறு வருடம் முன்பு அவர் தூக்கிய ஒரு மரப் பலகை அடுக்குக்குள் கத்தல் கேட்டிருக்கிறது. பார்த்தால் கண் திறக்காத குட்டி. ஹெல்மெட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். நிறத்தைப் பார்த்து அவர் மனைவி வைத்த பெயர் லட்டு. இப்போது அந்த லட்டு பத்து நாளாக ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே நாளில் குடித்துவிடுகிறது, தின்னத் தின்ன இளைக்கிறது, பின்னங்காலைக் குதிகால் வரை தரையில் பதித்து முயல் மாதிரி நடக்கிறது.

கால்நடை மருத்துவர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

"பூனைக்குச் சுகர்" என்றார்.

"பூனைக்குமா சார்?"

"பேர் என்ன?"

"லட்டு."

மருத்துவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பின்ன வராம என்ன பண்ணும்?"

பிறகு அவர் சிரிக்காமல் சொன்னதுதான் முக்கியம். தினம் இரண்டு வேளை இன்சுலின். அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் காதோரத்தில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் ஊசி கிடையாது, உடனே அவருக்குப் போன். இங்கே கொண்டுவந்து பார்த்தால் பயத்திலேயே அளவு ஏறிவிடும். வீட்டில், பழகின இடத்தில் பார்த்தால்தான் உண்மையான நம்பர் கிடைக்கும். "முதல்ல குத்திப் பாருங்க, எழுதுங்க, அப்புறம் சாப்பாடு, கடைசிலதான் ஊசி. இந்த வரிசை மாறவே கூடாது" என்றவர், அந்த மாவுக்கட்டைப் பார்த்து, "வீட்ல யாருங்க இதைப் பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

கூடையோடு வந்தவர், அன்றிலிருந்து எனக்கு அண்ணன், என்னைப் பார்த்தார். நான் கீறலிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இவந்தான் சார். என் தம்பி" என்றார்.

அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் கீறலைச் சோப்புப் போட்டுக் கழுவ வெளியே போனேன். மிச்சத்தை மருத்துவர் அவரிடம் மட்டும் சொன்னார். அது பிறகு எவ்வளவு பெரிய விஷயமாகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்படித்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடு, எட்டுக் கதவில் கடைசிக் கதவு. அண்ணனின் மனைவி, எனக்கு அக்கா, இன்னொரு கம்பெனியில் முதல் ஷிஃப்ட். விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மதியம் மூன்றுக்குத்தான் வருவார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சோறு போடறேன், படுக்க இடம் கீது. ஆனா பூனய கஷ்டப்படுத்தின, அப்டியே அனுப்பிடுவேன்" என்றார். அவருக்கும் சுகர் உண்டு. குத்திப் பார்க்கும் மெஷின் ஒரு வருடமாக அலமாரியில் டப்பா பிரிக்காமல் கிடந்தது. ஏனக்கா என்றேன். "குத்தினா நம்பர் வரும், நம்பர் வந்தா பயம் வரும். எதுக்குப் பேஜாரு" என்றார். தனக்குப் பிரிக்காத டப்பாவை லட்டுவுக்காக அன்று பிரித்தார்.

முதலில் என் விரலில் நானே குத்திப் பழகினேன். தொண்ணூற்றெட்டு. பிறகு லட்டு. ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கவிழ்த்து, மேலே பழைய துண்டு விரித்து அதை உட்கார வைப்போம். அண்ணன் இடது கையால் முதுகைத் தடவிக்கொண்டிருப்பார். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் காதைச் சூடாக்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஓரமாக நூல் மாதிரி ஒரு நரம்பு தெரியும். பின்னால் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரே குத்து. கடுகளவு ரத்தம் மேலே வந்து நிற்கும். மெஷினில் நாக்கு மாதிரி செருகியிருக்கும் பட்டை அதைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து நொடி. அப்புறம் எண்.

நான் உலையில் இரும்பு உருகி ஓடுவதைப் பார்த்தவன். அது என்னை வியக்க வைத்ததில்லை. இந்தக் கடுகளவு ரத்தம் வியக்க வைத்தது. நேற்று அது எவ்வளவு தின்றது, மருந்து பிடித்ததா இல்லையா, எல்லாம் அந்தத் துளிக்குத் தெரிந்திருந்தது. வாயில்லாத ஜீவன் காது வழியாகப் பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

முதல் நாள் முந்நூற்று எண்பத்தெட்டு. பிறகு முந்நூற்று எழுபது, முந்நூற்று இருபது என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர்கள் சர்ச்சில் கொடுத்த தேதி கிழிக்கும் காலண்டர் சுவரில் தொங்கும். கிழித்த தாளின் பின்பக்கம் காலை எண்ணும் மாலை எண்ணும் எழுதி ஆணியில் குத்தி வைப்போம். அக்கா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். எண் இறங்கியிருந்தால் அன்றைக்கு மீன் குழம்பு.

பக்கத்து வீடுகளில் என்னைப் "பூன டாக்டர்" என்றார்கள். "எங்கூட்டுக் கெழவனுக்கு ஊசி போட ஆளில்ல, பூனைக்கு நர்ஸ் வெச்சிக்கினு கீறாங்க" என்று ஒரு அம்மாள் தினமும் குழாயடியில் சொல்லுவார். குத்தியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி கொடுப்போம் என்பதால், ஐந்தாம் நாள் லட்டு கூப்பிடாமலே ஸ்டூலில் ஏறி உட்கார ஆரம்பித்தது. ஏழாம் நாள், சொன்னால் நம்ப மாட்டீர்கள், உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் காதைக் காட்டியது.

ஒன்பதாம் நாள் நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு குடும்பத்தின் கூரைக்குக் கீழே ஒன்பது நாள் எனக்கு அதிகம். முந்தைய நாள் ஒரு கான்ட்ராக்டர் போன் செய்திருந்தார். திருப்பாச்சூர் பக்கம் ஷெட் போடும் வேலை, காலை ஏழரைக்கு பைபாஸில் லாரி நிற்கும், வருகிறாயா என்றார். வருகிறேன் என்றேன். அன்றைக்குப் பார்த்து அண்ணன் மாவுக்கட்டைக் காட்ட ஆறு மணிக்கே திருவள்ளூருக்கு பஸ் ஏறிவிட்டார். அக்கா ஷிஃப்டில். வீட்டில் நானும் லட்டுவும்தான். சொல்லாமல் போய்விடலாம், லட்டு தேறிவிட்டது, கட்டும் இன்றைக்குப் பிரித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பையைக் கட்டினேன். மணி ஏழு தாண்டிவிட்டது. பஞ்சு நனைத்து, காதைச் சூடாக்கி, குத்தி, பார்த்து என்று நிற்க நேரமில்லை. முந்தைய நாள் காலை இருநூற்று நாற்பது, மாலை இருநூற்று இருபத்தெட்டு. அப்படியானால் இன்று இருநூற்றுப் பதினைந்து இருக்கும். காலண்டரைக் கிழித்து, பின்னால் 215 என்று எழுதினேன். அழகாகவே எழுதினேன். ஸ்டூலில் லட்டு ஏறி உட்கார்ந்து காதைச் சாய்த்துக் காத்திருந்தது. அதை இறக்கி விட்டுத் தட்டில் சாப்பாட்டை வைத்தேன். பாதி தின்றுவிட்டு முகர்ந்து பார்த்து நகர்ந்துவிட்டது. பரவாயில்லை என்று ஊசியைப் போட்டேன். கதவைப் பூட்டி, சாவியைக் கரண்டுப் பெட்டி மேல் வைத்துவிட்டு நடந்தேன்.

லாரி வரவில்லை. பத்து மணி வரை நின்றேன். கான்ட்ராக்டர், டயர் பஞ்சர், இதோ வருகிறோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போனில் சார்ஜ் குறைந்தது. பையில் துழாவினால் சார்ஜர் இல்லை. வீட்டில் பிளக்கிலேயே விட்டுவிட்டேன். அதற்காகத்தான் திரும்பிப் போனேன். லட்டுவுக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் சார்ஜருக்காகத்தான் போனேன்.

கதவைத் திறந்தேன். லட்டு அறையின் நடுவில் நின்றிருந்தது. குடித்தவன் மாதிரி ஆடியது. ஒரு அடி வைத்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் என்னிடம் நிற்கவில்லை.

சுகர் ஏறிவிட்டது என்று நினைத்தேன். முதல் நாள் இது பின்னங்காலை இழுத்து நடந்ததும் சுகரால்தானே. நமக்குச் சுகர் என்றாலே ஏறுவதுதான். யாருக்கு எது வந்தாலும் "சுகர் ஏறிப்போச்சு" என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். மருந்து போதவில்லை, இன்னொரு ஊசி போட்டால் சரியாகும். பிரிட்ஜிலிருந்து இன்சுலினை எடுத்தேன். ஊசியில் ஏற்றினேன். தெரிந்தவன் மாதிரியே ஏற்றினேன், அதுதான் இப்போதும் பயமாக இருக்கிறது.

திரும்பினால் லட்டு ஸ்டூல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நடந்து அல்ல, வயிற்றால் இழுத்துக்கொண்டு. என் கையில் ஊசியைப் பார்த்ததாலோ, பிரிட்ஜ் திறந்த சத்தம் கேட்டதாலோ, எனக்குத் தெரியாது. ஏற முடியவில்லை. ஸ்டூலின் அடியில் தலையைத் தரையில் வைத்து, காதை என் பக்கம் திருப்பிக் கிடந்தது.

அதற்கு வரிசை தெரிந்திருந்தது. முதலில் குத்த வேண்டும். அப்புறம்தான் ஊசி.

நான் ஊசியைக் கீழே வைத்தேன். காலையில் அதை ஸ்டூலிலிருந்து இறக்கி விட்ட அதே கையால் காதைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக் குத்தினேன். ஐந்து நொடி. எண் வரவில்லை. இங்கிலீஷில் இரண்டு எழுத்து வந்தது. எல், ஓ.

லோ. என் போனில் தினமும் பார்க்கிற சொல் அது. பேட்டரி லோ. சனியன், இப்போது பார்த்தா மெஷினுக்கு பேட்டரி போக வேண்டும் என்று அதைத் தூக்கி எறியப் போனேன். ஏனோ எறியவில்லை. புதுப் பட்டை செருகி என் விரலில் குத்தினேன். நூற்று ஒன்று என்று பளிச்சென்று காட்டியது.

அப்போதுதான் புரிந்தது. மெஷினுக்கு லோ இல்லை. பூனைக்குத்தான் லோ. அதற்குத்தான் நான் இன்னொரு ஊசி ஏற்றி வைத்திருக்கிறேன்.

போனில் மூன்று சதவீதம் மிச்சம். அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ணா, லட்டு ஆடி ஆடி வியுதுணா. மெஷின்ல லோன்னு வருது."

"அய்யய்யோ! சக்கர குடுறா!"

"அதுக்குச் சுகர்ணா!"

"எறங்கிப்போச்சுடா மடையா! டாக்டர் சொன்னாரு, சக்கரத் தண்ணிய ஈறுல தேய்க்கணும். வாயில ஊத்தாத, பொரையேறிக்கும். ஓடு!"

போன் அணைந்தது. அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். பருப்பு, மிளகாய்த்தூள், புளி. சர்க்கரை இல்லை. அக்காவுக்குச் சுகர் வந்ததிலிருந்து அந்த வீட்டில் சர்க்கரையே வாங்குவதில்லை. அண்ணன்கூட இனிப்பு டீயைத் தெருமுனைக் கடையில் திருட்டுத்தனமாகத்தான் குடிப்பார். லட்டுவைத் துண்டில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கடைக்கே ஓடினேன்.

"மாஸ்டர், சக்கரத் தண்ணி! சீக்கிரம்!"

"இன்னா தலைவா, சுகர் பூனைக்குப் போய்ச் சக்கரயா?" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். ஒரு கிளாஸில் மூன்று கரண்டி சர்க்கரை கொட்டிக் கொதிநீரை ஊற்றினார். நான் கையை நீட்டினேன். "இரு, சூடு. நாக்கு வெந்துபூடும்" என்று இரண்டு கிளாஸில் மாற்றி மாற்றி ஆற்ற ஆரம்பித்தார். நான்கு ஆற்று, ஐந்து ஆற்று. அவ்வளவு வேகமாக ஒருவர் டீ ஆற்றி நான் பார்த்ததில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு லோடுமேன்கள் பெஞ்சிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார்கள்.

விரலை நனைத்து அதன் உதட்டைத் தூக்கி ஈறில் தேய்த்தேன். ஈறு வெளுத்துக் கிடந்தது. மறுபடி நனைத்தேன், தேய்த்தேன். எத்தனை தரம் என்று நினைவில்லை. அடுப்பு உஸ்ஸென்று எரிந்தது. பிறகு என் விரலில் ஏதோ சொரசொரவென்று பட்டது. நாக்கு. லட்டு என் விரலை நக்கியது. அப்புறம் நிறுத்தாமல் நக்கியது. அப்புறம் தலையைத் தூக்கி, யாருடா நீங்களெல்லாம் என்பது போலச் சுற்றிப் பார்த்தது.

"வந்துட்சிப்பா" என்றார் ஒரு லோடுமேன். மாஸ்டர் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாவின் வாசல் வரை போன ஓர் உயிர் மூன்று கரண்டி சர்க்கரையில் திரும்பி வந்ததை அன்று என் மடியிலேயே பார்த்தேன். வீட்டுக்கு வந்து குத்தினேன். அறுபத்திரண்டு. கோழித் துண்டு கொடுத்தேன், தின்றது. கால் மணி கழித்து எண்பத்தெட்டு. மருத்துவருக்கு எதிர்வீட்டுப் போனில் பேசினேன். உடம்பு தானே தேறி வருகிறது, அதனால்தான் பழைய அளவு மருந்து அதிகமாகிவிட்டது, இரவு ஊசி வேண்டாம், நாளை முதல் பாதி என்றார். "காலைல என்ன நம்பர் இருந்தது?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் மதியம் வந்தார். கட்டு இன்னும் மூன்று வாரத்துக்குப் பிரிக்க மாட்டார்களாம். லட்டுவைத் தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் போனில் எல்லாம் சொல்லியிருந்தார்; மூன்று மணிக்கு அக்கா வந்தார். நேராக ஆணிக்குப் போய்த் தாளை எடுத்தார்.

"இருநூத்திப் பதினஞ்சா? பின்ன ஏண்டா எறங்கிச்சு?"

சொன்னேன். குத்தவில்லை, பார்க்கவில்லை, நானாக எழுதினேன் என்று சொன்னேன். கதவோரம் கட்டி வைத்திருந்த பையையும் காட்டினேன்.

அக்கா அந்தத் தாளை என் முன் நீட்டினார். "ஊசி இல்லடா" என்றார். "உன் பேனாதான் அத்த சாய்ச்சிது."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பையை எடுத்துக்கொண்டேன்.

"எங்க போற? ஏழு மணிக்கு யாரு குத்துவா?"

ஏழு மணிக்கு நானே குத்தினேன். நூற்று முப்பத்தொன்று. ஊசி இல்லை. தாளில் எழுதினேன். மெஷினை மூடப் போனபோது, அக்கா தன் கையை ஸ்டூலின் மேல் வைத்தார். லட்டு உட்காரும் துண்டின் மேலேயே.

"அப்டியே எனக்கும் குத்து. நீ பாத்த நம்பரத்தான் சொல்லணும்."

குத்தினேன். ஐந்து நொடி. எண்ணைப் பார்த்ததும் கொஞ்சம் குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "இருநூத்தி எழுவத்தாறுக்கா" என்றேன்.

"லட்டுவையே தாண்டிட்டேன் பாரு" என்று சிரித்தார். சிரிப்பு முடிந்தும் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கு எங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்க, வா. காலைல குத்திட்டு வந்தா போதும், சாயங்காலம் ஊட்டாண்ட வந்துடலாம்" என்றார்.

மறுநாள் லட்டுவின் காதைப் பார்த்துவிட்டு எட்டரைக்குச் சேர்ந்தேன். பெயிண்ட் அடித்த இரும்புச் சாமான்களைக் காய வைக்கும் ஒரு பெரிய அடுப்பு. அதன் சூட்டைக் காட்டும் முள்ளை அரை மணிக்கு ஒரு தரம் பார்த்து, சார்ட்டில் எழுத வேண்டும், அதுதான் வேலை. எனக்கு முன் இருந்தவன் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுக் காதருகே சொன்னான்: "முள்ளு எப்பவும் நூத்தி எம்பதுலதான் நிக்கும். காலைலயே மொத்தத்தையும் எழுதிப்புட்டு நாஷ்டா துன்னப் போய்டு மச்சான்."

அன்று அந்த அடுப்புக்குப் பதினாறு தரம் நடந்தேன். பதினாறு தரமும் முள் நூற்றெண்பதில்தான் நின்றது. ஆனாலும் ஒவ்வொரு தரமும் பேனாவைத் திறக்கும் முன், ஸ்டூலின் அடியில் தரையோடு தலையை வைத்து ஒரு காது என் பக்கம் திரும்பிக் கிடந்ததுதான் கண்ணில் வந்தது. இன்றுவரை எந்த ஊரில், எந்த வேலையில் ஓர் எண்ணை எழுதினாலும் அந்தக் காதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.